வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டும்போது குமிழி விழாமல் இருக்க: முழுமையான வழிகாட்டி

"அண்ணே, ஆன்லைன்ல வாங்கி நானே ஒட்டினேன். அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. கொஞ்சம் சரி பண்ணித் தர முடியுமா?"

மாதத்துக்கு நாலைந்து பேராவது என் ஸ்டிக்கர் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இப்படிக் கேட்பார்கள். பெரும்பாலும் முடியாது என்பதுதான் பதில். ஒட்டி ஒரு நாள் ஆகிவிட்ட ஸ்டிக்கரில் ஒன்றிரண்டு குமிழி இருந்தால் குத்தி அமுக்கலாம். ஐம்பது இருந்தால் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான்.

குமிழி கடைசியில் வந்து உட்காருவது இல்லை. தாள் முதலில் தொட்ட இடத்துக்கும் அடுத்துத் தொட்ட இடத்துக்கும் நடுவில், தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்ட காற்று அது. போர்வையை நான்கு மூலையிலும் பிடித்துக் கட்டில்மேல் போட்டுப் பாருங்கள், நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். சுருட்டிய பாயை ஒரு முனையிலிருந்து உருட்டி விரித்தால் உப்பாது. ஸ்டிக்கரையும் பாய் விரிப்பது போலத்தான் ஒட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டில்தான் தாள் வண்டியைத் தொட வேண்டும். அந்தக் கோடு நகர நகர, காற்று அதற்கு முன்னால் ஓடிவிட வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு கோட்டைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடுதான்.

எந்தத் தாள் வாங்குவது

நம் ஊரில் இதற்கு ரேடியம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. கடைப் பலகையில்கூட 'ரேடியம் கட்டிங்' என்றுதான் இருக்கும். ரேடியம் என்கிற உலோகம் இதில் துளியும் கிடையாது. பி.வி.சி. பிளாஸ்டிக் தாள், அதன் பின்னால் அழுத்தினால் பிடிக்கும் பசை, அதற்கும் பின்னால் உரித்தெடுக்கும் பின்தாள். அவ்வளவுதான்.

தாளில் இரண்டு வகையைத் தெரிந்துகொண்டால் போதும். காலண்டர்டு வினைல் என்பது சூடான உருளைகளுக்கு நடுவில் பிளாஸ்டிக்கை அழுத்தி மெலிதாக்கியது. பரோட்டா மாவைத் தேய்த்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் உள்வாங்குமே, அந்தக் குணம் இதற்கும் உண்டு. வெயில் பட்டுப் பட்டு ஓரம் சுருங்கும், வளைவில் மெல்ல எழும்பி நிற்கும். காஸ்ட் வினைல் அப்படி இல்லை. அதைத் தோசை மாவு போலத் திரவமாகப் பரப்பி, சூட்டில் உலர்த்தி எடுக்கிறார்கள். யாரும் இழுத்து நீட்டாததால் திரும்பச் சுருங்கும் ஆசை அதற்குக் குறைவு. கனமும் குறைவு: காஸ்ட் சுமார் 50 மைக்ரான், காலண்டர்டு 70 முதல் 100 மைக்ரான் வரை.

கதவு, வேன் பக்கவாட்டு போன்ற சமதளத்துக்குக் காலண்டர்டு போதும். பைக் டேங்க், பம்பர் வளைவு, கண்ணாடிக் கூடு என்றால் காஸ்ட்தான். விலை பல மடங்கு என்று தயங்குவார்கள். டேங்கில் காலண்டர்டு ஒட்டி ஆறு மாதத்தில் ஓரம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் அவர்களேதான்.

இன்னொன்று, வாங்கும்போதே பின்தாளைத் திருப்பிப் பாருங்கள். சில தாள்களில் கட்டம் கட்டமாகவோ டைமண்ட் வடிவிலோ மெல்லிய பதிவு தெரியும். பசையில் நுண்ணிய வாய்க்கால்கள் வெட்டியிருக்கின்றன என்று அர்த்தம். வயலில் தண்ணீர் வடிகிற மாதிரி, மாட்டிக்கொண்ட காற்று அந்த வாய்க்கால் வழியாக ஓரத்துக்குப் போய் வெளியேறும். 3எம் நிறுவனம் இதைக் கம்ப்ளை என்றும், ஆரஃபால் நிறுவனம் ரேப்பிட்ஏர் என்றும், ஏவரி டென்னிசன் ஈஸி அப்ளை என்றும் பெயர் வைத்து விற்கின்றன. முதல்முறை ஒட்டுகிறவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதை வாங்கிவிடுவது நல்லது. ஆனால் இரண்டு எச்சரிக்கை. எடுத்த எடுப்பில் ஓங்கி அழுத்தினால் வாய்க்கால் மூடிக்கொள்ளும். நாலு ஓரத்தையும் முதலில் அழுத்தி அடைத்துவிட்டாலும் காற்றுக்கு வாசல் இல்லாமல் போய்விடும்.

நேரமும் இடமும்

தாள் நிறுவனங்கள் சொல்லும் வசதியான வெப்பம் ஏறக்குறைய 15 முதல் 30 டிகிரி. இது காற்றின் வெப்பம் அல்ல, வண்டித் தகட்டின் வெப்பம். சித்திரை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பசை தொட்ட மாத்திரத்தில் கவ்விக்கொள்ளும்; தப்பாகத் தொட்டுவிட்டால் தூக்கித் திரும்ப வைக்க இடமே இல்லை. ஊட்டியில் மார்கழி காலையில் ஒட்டுகிறவருக்கு நேர் எதிர்ப் பிரச்சினை: தாள் விறைத்துக்கொண்டு நிற்கும், பசை பிடிக்காது.

சமவெளியில் இருப்பவர்கள் காலை 6 மணிக்கு மேல் 9 மணிக்குள் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முந்தைய இரவே நிழலில் நிறுத்திவிடுங்கள். ஓட்டிக்கொண்டு வந்த வண்டி என்றால் இன்ஜின் சூடு பானெட்டில் ஒரு மணி நேரமாவது இருக்கும். புறங்கையைத் தகட்டில் வைத்துப் பாருங்கள், சூடு என்று தோன்றினாலே காத்திருங்கள்.

தரையில் தண்ணீர் தெளித்து, தூசி அடங்கியதும் தொடங்குங்கள். மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பின்தாளை உரிக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரமே காற்றில் பறக்கும் தூசியைப் பசைக்கு இழுத்துவிடும். விசிறி வேறு சுற்றினால் கேட்கவே வேண்டாம். வேர்க்குதே என்றால், வேர்க்கத்தான் செய்யும்.

கழுவுவதில்தான் பாதி வேலை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு என் கடைக்கு வருகிறார்கள்.

நம் ஊர் வாட்டர் வாஷ் கடைகளில் கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசல் ஸ்ப்ரே அடிப்பார்கள், டயருக்கு பாலிஷ் அடிக்கும்போது அது கதவிலும் தெறிக்கும். ஷோரூமில் இருந்து வரும் புது வண்டியில் மெழுகுப் பூச்சு இருக்கும். ஸ்டிக்கர் பசைக்கு இந்த எண்ணெயும் சிலிக்கானும் மெழுகும் ஆகவே ஆகாது. எண்ணெய்ப் பசை உள்ள புள்ளியில் தாள் பிடிக்காமல் நின்று, நாளைக்கு அதுவே குமிழியாகத் தெரியும். அதனால் ஸ்டிக்கர் வேலைக்கு முன்னால் வாஷ் கொடுக்கிறீர்கள் என்றால், "வெறும் ஷாம்பு வாஷ், ஸ்ப்ரே வேண்டாம்" என்று சொல்லி நின்று பார்த்து வாங்குங்கள்.

வீட்டில் கழுவினால் கடைசிச் சுற்றுக்கு போர் தண்ணீர் வேண்டாம். உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விடும். ஸ்டிக்கருக்கு அடியில் அது ரவை தூவிய மாதிரி தெரியும். ஒரு கேன் தண்ணீர் வாங்கி அலசிவிடுங்கள். செலவு பெரிதில்லை.

கழுவிய பின் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் தார்ப் புள்ளி, பெயிண்ட் தெறிப்பு, மரத்துப் பிசின் ஏதாவது ஒட்டியிருக்கும். கார் சாமான் கடையில் கிளே பார் என்று மாவு உருண்டை மாதிரி ஒன்று கிடைக்கும். சோப்புத் தண்ணீர் விட்டு அதைத் தேய்த்தால் எல்லாம் வந்துவிடும்.

அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், 70 சதவீதம். மருந்துக் கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. இரண்டு துணி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் நனைத்துத் துடையுங்கள், அது காய்வதற்கு முன்பே மற்றொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய விட்டால் கரைந்த எண்ணெய் திரும்ப அங்கேயே படியும். தின்னர் வேண்டாம், ரீ-பெயிண்ட் அடித்த இடத்தை இளக்கிவிடும். பெட்ரோல் வேண்டாம், படலம் விடும். அதுவும் ஆல்கஹால்தானே என்று கை சானிடைசரை எடுக்கிறவர்களும் உண்டு; பெரும்பாலான சானிடைசரில் கைக்கு இதமாகக் கிளிசரின் கலந்திருப்பார்கள், அது பசைக்கு எதிரி.

சுத்தமா இல்லையா என்று பார்க்க ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடினால் மெழுகு இன்னும் இருக்கிறது. பரவி வடிந்தால் சரி. பிறகு கதவு பீடிங், கைப்பிடி இடுக்கு எல்லாவற்றையும் நன்றாக உலர்த்துங்கள். அங்கே ஒளிந்திருக்கும் ஒரு சொட்டு, சரியாகத் தாளை அழுத்தும் நேரத்தில் வெளியே வரும்.

பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த வண்டியா?

டிங்கரிங் முடித்து வந்த கையோடு ஸ்டிக்கர் கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். பட்டறையில் காற்றில் உலரவிட்ட பெயிண்ட், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளிருந்து பல வாரங்கள் ஆவி விட்டுக்கொண்டே இருக்கும். மேலே தாள் மூடினால் அந்த ஆவி போக வழியின்றிக் குமிழியாகத் திரளும். எவ்வளவு அருமையாக ஒட்டியிருந்தாலும் சரி, ஒட்டி இரண்டு மூன்று நாள் கழித்து வெயிலில் புதிதாக முளைக்கும் குமிழிகளுக்கு இதுவே முதல் காரணம். ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் கையகலத் துண்டு ஒன்றை ஒட்டி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். அது உப்பினால் இன்னும் காத்திருக்க வேண்டும்.

படம் அச்சடித்த ஸ்டிக்கரிலும் இதே கதைதான். சால்வென்ட் மையில் அச்சடித்தது என்றால், லேமினேஷன் போடுவதற்கு முன் குறைந்தது ஒரு நாள் உலர வேண்டும். "இன்னைக்கே வேணும்" என்று அச்சகத்தை விரட்டாதீர்கள்.

ஒட்டும் முறை: ஒரு கதவை எடுத்துக்கொள்வோம்

கையில் இருக்க வேண்டியவை: ஒரு ஸ்குவீஜி (தாளைத் தேய்த்து அழுத்தும் பிளாஸ்டிக் தகடு), மாஸ்கிங் டேப், கத்தரிக்கோல், கட்டர், அளவு டேப். ஸ்குவீஜி இல்லையென்றால் பழைய ஏ.டி.எம். கார்டில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றிக்கொள்ளுங்கள், வேலை நடக்கும். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். பெல்ட் பக்கிள் கதவில் இழுத்த கோட்டுக்கு நான் ஒருமுறை பாலிஷ் செலவு கட்டியிருக்கிறேன்.

60 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கடைப் பெயரை வேன் கதவில் ஒட்டுகிறோம் என்று வையுங்கள். முதலில் பின்தாளை உரிக்காமலே அதைக் கதவில் வைத்து நான்கு மூலையிலும் டேப் போடுங்கள். தரையை வைத்து மட்டம் பார்க்காதீர்கள். தரை சாய்ந்திருக்கும், டயரில் காற்று குறைந்திருக்கும். கதவுத் தகட்டிலேயே மடிப்பாக ஓடும் பாடி லைனிலிருந்து இரண்டு முனைக்கும் அளவெடுங்கள். பிறகு பத்தடி பின்னால் போய் நின்று பாருங்கள். அளவுப்படி சரியாக இருந்தும் கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தால், கண் சொல்வதையே கேளுங்கள். பார்க்கப்போகிறவர்கள் யாரும் டேப் கொண்டுவரப் போவதில்லை.

இடம் முடிவானதும் ஸ்டிக்கரின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு பட்டை மாஸ்கிங் டேப்பை, கதவிலும் பிடிக்கிற மாதிரி அழுத்தி ஒட்டுங்கள். இதுதான் கீல். இனி ஸ்டிக்கர் புத்தகப் பக்கம் மாதிரி இந்தக் கீலில் மட்டுமே திரும்பும், இடம் மாறாது. வலது பக்க மூலை டேப்புகளை எடுத்துவிட்டு அந்தப் பாதியைத் திருப்புங்கள். பின்தாளைக் கீல் வரை மெதுவாக உரித்து, அங்கே கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துவிடுங்கள். கட்டர் வேண்டாம், அடியில் பெயிண்ட் இருக்கிறது.

இப்போது பசை திறந்திருக்கிறது. இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். கை ஓய்ந்து தாளைத் தொங்கவிட்டால் அது தானாகப் போய்க் கதவில் எங்கோ ஒட்டிக்கொள்ளும்: போர்வை போட்ட கதை. கூட ஒருவரை நிறுத்தி, வெளி ஓரத்தைக் கதவிலிருந்து ஒரு சாண் தள்ளி, விறைப்பாக, ஆனால் இழுக்காமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாகச் செய்தால் இடது கையால் ஓரத்தின் நடுவைப் பிடித்துக்கொள்ளலாம். ஒரு முழத்துக்கு மேல் உள்ள ஸ்டிக்கரைத் தனியாக ஒட்ட முயல வேண்டாம்.

ஸ்குவீஜியை 45 டிகிரி சாய்வில் பிடித்து, கீலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முதல் இழுப்பு. அடுத்தது அதற்கு மேலே, முதல் இழுப்பில் பாதியை மூடுகிற மாதிரி. அதற்கடுத்தது கீழே, அதேபோல் பாதி மூடி. ஒவ்வொரு இழுப்பும் நாலைந்து விரல் தூரம் இருந்தால் போதும். இப்படி விசிறி விரிகிற மாதிரி முன்னேறுங்கள். இரண்டு இழுப்புக்கு நடுவில் இடைவெளி விட்டால் அந்த இடைவெளிதான் விரல் நீளக் குமிழி. தாளைப் பிடித்திருப்பவர், ஒட்டும் கோடு நெருங்க நெருங்கத்தான் கையை இறக்க வேண்டும்.

போகிற வழியில் சுருக்கம் விழுந்தால் அதன்மேல் ஏறி அழுத்தாதீர்கள். நின்று, அந்த இடம் வரை தாளை மெதுவாகத் திரும்பத் தூக்கி, சரிசெய்து தொடருங்கள். ஒரு நிமிடத்துக்குள் என்றால் பெரும்பாலும் வந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்துப் போராடினால் தாள் நீண்டுவிடும்.

வலது பாதி முடிந்ததும் கீல் டேப்பை எடுத்துவிட்டு இடது பாதியில் மிச்சப் பின்தாளை உரித்து இதையே செய்யுங்கள். எழுத்து வெட்டிய ஸ்டிக்கர் என்றால், எழுத்துகள் கலையாமல் பிடித்துக்கொள்ளும் டிரான்ஸ்ஃபர் டேப் மேலே இருக்கும். பத்து நிமிடம் கழித்து அதை எடுங்கள், கதவை ஒட்டினாற்போலப் பின்னோக்கி மடக்கி, மெதுவாக. நேராக உங்கள் பக்கம் இழுத்தால் புள்ளியும் கொம்புமாக எழுத்துகள் கூடவே வரும். டேப் வந்த பிறகு இன்னொரு முறை துணி சுற்றிய ஸ்குவீஜியால் முழுக்கத் தேய்த்து, கடைசியில் ஓரங்களை அழுத்துங்கள்.

ஈரமாக ஒட்டலாமா

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டு பாத்திரம் கழுவும் திரவமோ குழந்தை ஷாம்புவோ விட்டு, அதைக் கதவிலும் பசையிலும் தெளித்து ஒட்டும் முறை ஒன்று உண்டு. தாள் வழுக்கிக்கொண்டே இருக்கும், சாவகாசமாக இடம் மாற்றலாம், பிறகு தண்ணீரைத் தள்ளி எடுத்துவிடலாம். பழகுகிறவர்களுக்கு இது தைரியம் தரும். எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. சோப்பு ஒரு சொட்டு கூடினாலும் பசை சோம்பேறியாகி, ஓரம் நாள்கணக்கில் பிடிக்காமல் அடம்பிடிக்கும்.

வாய்க்கால் வைத்த தாளுக்கு மட்டும் இந்த முறை கூடவே கூடாது. காற்று போக வேண்டிய பாதையில் தண்ணீர் நிறைந்துவிடும்.

வளைவு, குழி, ரிவெட்

பைக் டேங்கில் தாள் மடிந்தால் அதற்கு மருந்து, சூடான காற்றை ஊதும் ஹீட் கன். சற்றுத் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடு காட்டினால் மடிப்பு தானாகப் பழைய நிலைக்கு வரும். இளகிய தாளை மெல்ல இழுத்து வளைவின்மேல் படிய விடுங்கள். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விரல் அகலத்துக்கு மேல் இழுத்தீர்கள் என்றால் நிறம் வெளிறும், நாளைக்குத் திரும்பச் சுருங்கவும் பார்க்கும். ஹேர் டிரையர் சின்ன வளைவுக்கு உதவும், ஆழமான குழிக்குப் போதாது.

குழிகளில் தாள் பாலம் போல அந்தரத்தில் நிற்பதுதான் வழக்கமான தவறு. சுற்றியுள்ள மேட்டை ஒட்டிவிட்டு, ஒரு ஓரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சூடு காட்டிக் கட்டைவிரலால் உள்ளே அழுத்திக்கொண்டே போங்கள். முடிந்ததும் அந்த இடங்களைத் தாளின் விவரக் குறிப்பில் சொன்ன அளவுக்குச் சூடாக்க வேண்டும். பல காஸ்ட் தாள்களுக்கு அது 90 டிகிரிக்கு மேல். அப்போதுதான் தாள் பழைய வடிவத்தை மறக்கும்.

தகட்டு பாடி லாரியில், தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகள் வரும். ரிவெட் தலையைச் சுற்றி மூன்று நான்கு ஊசித் துளை போட்டு, சூடு காட்டி, பிரஷால் வட்டமாக அமுக்கினால் படிந்துவிடும். மரப் பலகை பாடி என்றால் ஸ்டிக்கரை மறந்துவிட்டு, பிரஷ் பிடிக்கும் ஓவியரைக் கூப்பிடுங்கள். அந்த எழுத்தின் அழகும் வேறு.

எங்கே ஒட்டக் கூடாது

பெயிண்ட் இல்லாத கறுப்பு பிளாஸ்டிக் பம்பரில் எந்தச் சாதாரண ஸ்டிக்கரும் நிற்காது. அது பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன், பசை பிடிக்காத சாதி. நம்பர் பிளேட்டைத் தொடவே வேண்டாம். லாரியில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள் என்று ஒட்டியிருக்கும் ஒளிர்பட்டைகளை மறைக்காதீர்கள். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012இல் உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2024 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வண்டிகளில் அனுமதியின்றி 'போலீஸ்', 'பிரஸ்' போன்ற ஸ்டிக்கர் ஒட்டியவர்கள்மேல் நடவடிக்கையைத் தொடங்கியது. முழு வண்டியின் நிறத்தையே தாளால் மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டியிருக்கும்.

அப்படியும் குமிழி விழுந்துவிட்டால்

முதலில் அது என்ன என்று பாருங்கள். விரலால் அமுக்கினால் நகர்ந்தால் காற்று அல்லது தண்ணீர். நடுவில் கூர்மையாக, கூடாரம் போல நின்றால் அடியில் தூசி. அதைக் குத்தினாலும் போகாது. ஓரத்துக்குப் பக்கத்தில் என்றால் தூக்கி எடுக்கலாம், நடுவில் என்றால் விட்டுவிடுங்கள், உங்களைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை.

குண்டூசித் தலை அளவுள்ள காற்றுக் குமிழிகளையும் விட்டுவிடலாம். ஒன்றிரண்டு வாரம் வெயில் பட்டால் பெரும்பாலும் தானே அடங்கும். பட்டாணி அளவுக்கு மேல் என்றால் மெல்லிய ஊசியால் குமிழியின் உச்சியில் குத்தாமல், அடிவாரத்தில் சாய்வாக ஒரு துளை. எதிர்ப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் துளையை நோக்கித் தள்ளுங்கள். லேசாகச் சூடு காட்டினால் துளையும் தெரியாது. கட்டரால் கீறாதீர்கள், கீறல் வெயிலில் வாய் பிளக்கும்.

ஒட்டிய பிறகு

பசை முழு பலம் பெற ஒரு நாளாவது ஆகும். மூன்று நாள் தண்ணீர் காட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. பிரஷர் வாஷ் அடிக்கிற தம்பியிடம் ஸ்டிக்கர் ஓரத்தில் சாய்வாக அடிக்காமல், நேராக, தள்ளி நின்று அடிக்கச் சொல்லுங்கள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்தான் எங்களுக்கு வேலை குவியும். மறுநாள் காலையில் அதே கதவில் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வைக்க வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? ஸ்டிக்கருக்கு நாலு விரல் தள்ளி வையுங்கள், இரண்டு நாள் கழித்து ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். வெள்ளை எழுத்தில் மஞ்சள் பட்டுவிட்டால் சோப்புப் போட்டுத் தேய்க்காதீர்கள், ஓரம் கிளம்பிவிடும். வண்டியை வெயிலில் நிறுத்துங்கள். மஞ்சள் கறை சில நாளில் தானே வெளிறிவிடும்.